பாலத்தில் ஏறினால் ஏன் நெஞ்சு படபடக்கிறது? மனித நடத்தையை விளக்கும் உளவியல் அணுகுமுறைகள்

மனத்தைப் பற்றிய பேச்சு மலேசியத் தமிழரிடையே இப்போது தாராளமாகவே நடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 'எல்லாம் மூளையில் சுரக்கும் டோப்பமைன் செய்கிற வேலை' என்கிறார். இன்னொருவர் 'சின்ன வயதில் ஏதோ நடந்திருக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பெற்றோர் கூட்டத்தில் பேச வந்தவர், மனிதத் தேவைகளைப் படிகளாக அடுக்கிக் காட்டும், உளவியலாளர் மாஸ்லோவின் பெயரால் வழங்கும் பிரமிடைத் திரையில் காட்டுகிறார். கோயில் அன்னதானப் பந்தியில் பக்கத்தில் அமர்ந்த பெரியவரோ 'வளர்ப்பு அப்படி' என்கிறார். இவை ஒவ்வொன்றும் உளவியலின் ஏதோ ஒரு அணுகுமுறையிலிருந்து உதிர்ந்து வந்த துணுக்கு என்பது பேசுபவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

அணுகுமுறை என்று இங்கே சொல்வது ஓர் ஆய்வு மரபை. ஒரு நடத்தைக்குக் காரணம் தேடும்போது எதை முதலில் கேட்க வேண்டும், எதைச் சான்றாக ஏற்க வேண்டும், எங்கே கைவைத்தால் அந்த நடத்தை மாறும் என்ற மூன்றுக்கும் அந்த மரபிடம் முன்கூட்டியே ஒரு விடை இருக்கும். இந்த மரபுகளைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன. அவற்றை அரசியல் கட்சிகளைப்போல் பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதைத் தள்ளுவது முதலாவது. 'எல்லாமே ஒரு விதத்தில் சரிதான்' என்று கையைக் கழுவிவிடுவது இரண்டாவது. படித்தவர்களிடம் இரண்டாவதுதான் அதிகம் காணப்படுகிறது. அதையே நான் கூடுதல் ஆபத்தாகக் கருதுகிறேன், ஏனெனில் அது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது.

ஒரே 'ஏன்', பல கேள்விகள்

மாமாக் கடையில் ஒரு தே தாரிக் வருகிறது. மேலே ஏன் இவ்வளவு நுரை என்று ஒரு சிறுவன் கேட்கிறான். உயரத்திலிருந்து ஊற்றும்போது காற்று கலக்கிறது, பாலில் உள்ள புரதம் அந்தக் காற்றுக் குமிழ்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது ஒரு விடை. கடைக்காரர் இளைஞராக இருந்தபோது தம் அண்ணனிடம் இப்படி ஆற்றப் பழகினார் என்பது இன்னொரு விடை. நுரை இல்லாவிட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்பது மூன்றாவது. மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை. ஆனால் நுரை வருவதற்குக் காரணம் பாலின் புரதமா, தேயிலைத் தூளா என்று இருவர் வாதிட்டால், அந்த வாதத்தில் ஒருவர் தவறாக இருக்க வாய்ப்புண்டு. பாலில்லாமல் ஆற்றிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பர்கன் 1963இல் இதை முறைப்படுத்திச் சொன்னார். ஒரு நடத்தையை முழுமையாக விளக்க நான்கு கேள்விகள் வேண்டும் என்பது அவர் கருத்து: இந்தக் கணத்தில் அதை இயக்குவது எது, தனி உயிரின் வாழ்நாளில் அது எப்படி உருவானது, அதனால் என்ன பயன், அந்த இனத்தின் பரிணாம வரலாற்றில் அது எப்படி வந்தது. வெவ்வேறு கேள்விகளுக்குச் சொல்லப்படும் விடைகள் சேர்ந்தே நிற்கலாம். ஒரே கேள்விக்குச் சொல்லப்படும் இரண்டு விடைகள் மோதும். மோதும்போது சோதித்துத்தான் பார்க்க வேண்டும். உளவியல் அணுகுமுறைகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பாலத்தின் ஓரத்தில் நின்ற கார்

ஒரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். மாலதிக்கு வயது 34. வீடு குளுகோரில், வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில், அம்மா இருப்பது புக்கிட் மெர்தாஜமில். வாரந்தோறும் அம்மாவைப் பார்க்கப் பினாங்குப் பாலத்தைக் காரில் கடந்து போவார். ஒரு மாலை, நல்ல மழை. பாலத்தின் நடுப்பகுதியில் ஒரு கனரக லோரி பக்கத்துத் தடத்தில் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு முந்துகிறது. மாலதியின் இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. சாகப் போகிறோம் என்ற நினைப்புடன் காரை ஓரங்கட்டி அவசர விளக்கைப் போட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். சில நிமிடங்களில் எல்லாம் அடங்குகிறது. அடிபடவில்லை, காருக்கும் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து அவர் பாலத்தில் கார் ஓட்டுவதில்லை. 2021 முதல் ஃபெரியில் கார்களை ஏற்றுவதில்லை என்பதால், ஜார்ஜ்டவுனில் காரை நிறுத்திவிட்டு நடைப்பயணியாக ஃபெரியில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து ரயில் அல்லது கிராப் பிடித்துப் போகிறார். நேரம் கூடுகிறது, செலவும் கூடுகிறது. வாரம் ஒருமுறை என்றிருந்தது மாதம் ஒருமுறை ஆகிவிட்டது.

மாலதி ஏன் இப்படி நடந்துகொள்கிறார்?

உடல் செய்த வேலை

உயிரியல் அணுகுமுறை மூளை, நரம்பு, சுரப்பி, மரபணு ஆகியவற்றில் விடை தேடும். ஆபத்துக்கான அறிகுறி கிடைத்ததும், மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி எச்சரிக்கையை எழுப்புகிறது, அட்ரினலின் சுரக்கிறது, ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகிறது. இதயம் வேகமாக அடிப்பதும் வியர்ப்பதும் அந்தத் தயாரிப்பின் பகுதிகள். மூச்சு வேகமாக வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் பெரும்பாலும் அதனால்தான். மாரடைப்பின் அறிகுறிகளைப்போல் இவை தோன்றினாலும், நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவருக்கு இவற்றால் உயிருக்குத் தீங்கு வருவதில்லை. இப்படிச் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணியும் கடும் அச்சத்தைத் திடீர்ப் பீதி என்று இந்தக் கட்டுரையில் குறிப்பிடுவோம். முதன்முறை இப்படி நேர்ந்தால் இதயத்தையும் தைராய்டையும் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்வதே முறை. அதற்குமுன் உளவியல் விளக்கம் தேடுவது அவசரம்.

இங்கே இரண்டு இடங்களில் பொதுப்பேச்சு சறுக்குகிறது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், பீதி திரும்பத் திரும்ப வரும் கோளாறில் மரபின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு என்கின்றன. மாலதியின் பயத்தில் 40 விழுக்காடு பாட்டியிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒரு தனி மனிதரைப் பிரித்துப் பங்கு போட அதைப் பயன்படுத்த முடியாது.

அமிக்டலாவை 'பயத்தின் இருப்பிடம்' என்று சொல்வது இரண்டாவது சறுக்கல். ஆய்வுக் கட்டுரைகளில் எஸ்.எம். என்று மட்டும் குறிப்பிடப்படும் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு, அரிய நோயொன்றால் இருபக்க அமிக்டலாவும் சிதைந்துவிட்டது. பாம்பும் சிலந்தியும் அவரை அச்சுறுத்தவில்லை. அப்படிப்பட்டவர் கரியமில வாயு அதிகம் கலந்த காற்றைச் சுவாசித்தபோது கடும் பீதிக்கு ஆளானார் என்று 2013இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்தைக் கண்டு எழும் அச்சமும், மூச்சுத் திணறலைப்போல் உடலுக்குள்ளிருந்து எழும் அச்சமும் ஒரே பாதையில் போவதில்லை என்பதை அது காட்டிற்று.

பழகிப்போன தப்பித்தல்

உடல் எப்படி நடுங்கியது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மாலை முடிந்து எத்தனையோ நாள் ஆன பிறகும் அவர் ஏன் ஃபெரியில் போகிறார்? நடத்தையியல் இந்தக் கேள்வியில்தான் வலுவாக நிற்கிறது. மனத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது, எனவே வெளியே தெரியும் நடத்தையையும் அதற்கு முன்னும் பின்னும் நடப்பதையும் மட்டுமே ஆராய வேண்டும் என்று ஜான் வாட்சன் 1913இல் முழங்கியதிலிருந்து இந்த மரபு தொடங்குகிறது. உணவோடு சேர்ந்து வந்த ஒலியைக் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறுவதை இவான் பாவ்லவ் முன்பே காட்டியிருந்தார். இப்படி இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதால் ஒன்றின் விளைவு மற்றொன்றுக்கும் ஏற்படுவதை இணைப்புக் கற்றல் எனலாம். 1920இல் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு வயதுகூட நிரம்பாத ஆல்பர்ட் என்ற குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து, எலியைக் கண்டாலே அழும்படி செய்தார்கள். இன்று எந்த ஆய்வு நெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது. நல்லவேளையாக, 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் எதிர்த்திசையில் ஒன்றைச் செய்தார்: முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது முயலை ஒவ்வொரு நாளும் சற்று நெருக்கமாகக் கொண்டுவந்து அவன் அச்சத்தைத் தணித்தார்.

மாலதிக்குப் பாலமும் பீதியும் ஒன்றாக வந்தன. பாலம் பீதியின் அறிகுறி ஆகிவிட்டது. ஆனால் இதோடு நிறுத்தினால், பாவ்லவின் நாய்க்கு உணவு வராமல் ஒலி மட்டும் வந்தபோது எச்சில் ஊறுவது நாளடைவில் நின்றதைப்போல, அந்தப் பயமும் நின்றிருக்க வேண்டும். அது நிற்காததற்கு 1947இல் ஹோபார்ட் மௌரர் ஒரு விளக்கம் தந்தார். பயம் இணைப்புக் கற்றலால் உருவாகிறது, தப்பித்தலால் நிலைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மாலதி கார் சாவியை எடுக்கிறார், வயிற்றைப் பிசைகிறது, 'சரி, ஃபெரியிலேயே போவோம்' என்று முடிவெடுத்ததும் அந்தப் பிசைவு நீங்குகிறது. நீங்கிய அந்த நிம்மதியே, அடுத்த வாரமும் அதே முடிவை எடுக்கவைக்கிறது. ஒரு நடத்தைக்குப் பின் வரும் விளைவு அந்த நடத்தையை மேலும் நிகழச் செய்தால் அது வலுவூட்டல். விரும்பத்தகாத ஒன்று விலகுவதால் நடத்தை வலுப்பெற்றால் அது எதிர்மறை வலுவூட்டல்.

எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை என்று ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள்கூட எழுதிவிடுகிறார்கள். தண்டனை ஒரு நடத்தையைக் குறைப்பது. எதிர்மறை வலுவூட்டலோ நடத்தையைக் கூட்டுவது. மாலதியின் ஃபெரிப் பயணத்தை யாரும் தண்டிக்கவில்லை. அது அவருக்கு ஒவ்வொரு முறையும் நிம்மதியைத் தருகிறது, அதுதான் சிக்கல்.

இதுவரை பார்த்தவற்றில் உயிரியல் அந்த மாலையின் நடுக்கத்தையும், நடத்தையியல் அதற்குப் பிந்தைய மாதங்களின் தப்பித்தலையும் விளக்கின. கேள்விகள் வேறு என்பதால் இவற்றுக்குள் சண்டை இல்லை.

படபடப்புக்குக் கொடுத்த பொருள்

அதே மழையில் அதே லோரி முந்திச் சென்ற வேறு கார்களும் இருந்திருக்கும். அவற்றை ஓட்டியவர்களுக்கும் ஒரு கணம் நெஞ்சு படபடத்திருக்கும். இரண்டு வசைச் சொல்லோடு அதை மறந்திருப்பார்கள். அறிதல்சார் அணுகுமுறை இங்கேதான் நுழைகிறது. நடப்பதற்கும் நாம் நடந்துகொள்வதற்கும் இடையில், நடப்பதை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்ற ஒரு படி இருக்கிறது என்பது அதன் அடிப்படை. 1960களில் ஆரன் பெக் மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்தினார். பீதிக்கு இதை 1986இல் டேவிட் கிளார்க் தெளிவாக வரைந்தார்: உடலில் சிறு மாற்றம், அதை ஆபத்தாகப் பொருள்கொள்ளுதல், அதனால் கூடும் அச்சம், அச்சத்தால் கூடும் உடல் மாற்றம் என்று சக்கரம் சுழல்கிறது. 'இதயம் வேகமாக அடிக்கிறது' என்பதோடு நிற்காமல் 'இது மாரடைப்பு' என்று முடிவுகட்டியதுதான் சக்கரத்தைச் சுழற்றியது.

இந்த அணுகுமுறை கவனித்த ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கணவர் கார் ஓட்ட, மாலதி பக்கத்தில் அமர்ந்து பாலத்தைக் கடந்த நாள்களும் உண்டு. அப்போது மடியில் தண்ணீர்ப் புட்டி, கையில் கோடாலித் தைலம், கைப்பேசியில் அவசர எண் தயாராக. மறுகரை வந்ததும் 'தைலம் இருந்ததால் தப்பித்தேன்' என்று அவர் மனம் கணக்கு வைக்கிறது. பாலம் ஆபத்தானதல்ல என்று கற்றுக்கொள்ள வேண்டிய வாய்ப்பைத் தைலம் பறித்துக்கொள்கிறது. பாதுகாப்புக்காகச் செய்வதாக நினைத்து, தவறான நம்பிக்கை சோதிக்கப்படாமல் காப்பாற்றும் இத்தகைய செயல்களை 'பாதுகாப்பு நடத்தைகள்' என்கிறார்கள். பாலத்தை எத்தனை முறை கடந்தும் பயம் குறையாத சிலரைத் தூய நடத்தையியலால் விளக்க முடியாதபோது இது விளக்குகிறது.

உயிரியலும் அறிதலும் மோதும் இடம்

பீதிக் கோளாறு உள்ளவர்களைக் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தால் அவர்களில் பலருக்குப் பீதி எழும். அந்தக் கோளாறு இல்லாதவர்களுக்கு அவ்வளவாக எழுவதில்லை. பீதி என்பது உடலின் வேதியியல் கோளாறே, எண்ணங்கள் வெறும் எதிரொலி என்பதற்கு உயிரியலாளர்கள் இதைச் சான்றாகக் காட்டினார்கள். அறிதல்சார் தரப்போ, வாயு உடலில் மாற்றத்தை மட்டுமே தருகிறது, அதைப் பீதியாக்குவது பொருள்கொள்ளும் விதம் என்றது. இரண்டு தரப்பும் ஒரே கேள்விக்கு விடை சொல்கின்றன. இங்கே 'இரண்டும் சரி' என்று தலையாட்டினால் அறிவு நகராது.

1989இல் சாண்டர்சன், ராப்பி, பார்லோ ஆகிய மூவர் ஒரு சோதனை செய்தார்கள். பீதிக் கோளாறு உள்ள 20 பேருக்கு 5.5 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்று கொடுக்கப்பட்டது. எதிரில் ஒரு விளக்கு, கைக்கெட்டும் இடத்தில் ஒரு குமிழ். விளக்கு எரியும்போது குமிழைத் திருகினால் வாயுவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எல்லாரிடமும் சொல்லப்பட்டது. உண்மையில் அந்தக் குமிழுக்கு எந்தப் பயனும் இல்லை. பாதிப் பேருக்கு விளக்கு எரிந்தது, மீதிப் பேருக்கு எரியவில்லை. அனைவர் நுரையீரலுக்குள்ளும் போனது ஒரே காற்று. விளக்கு எரியாதவர்களில் 80 விழுக்காட்டினர் பீதிக்கு ஆளானதாகத் தெரிவித்தார்கள். விளக்கு எரிந்தவர்களில் 20 விழுக்காட்டினர் மட்டுமே. 'வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் ஒன்றே வேறுபாடு.

20 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் 'வேதியியல் மட்டுமே' என்ற வாதம் இதன்பின் நிற்பது கடினம். அதே நேரத்தில், கோளாறு இல்லாதவர்களை அதே வாயு ஏன் அவ்வளவாக அசைப்பதில்லை என்ற கேள்வியும், அமிக்டலா இல்லாத எஸ்.எம். ஏன் பீதியடைந்தார் என்ற கேள்வியும் உடலின் பங்கைத் தள்ளிவிட முடியாது என்று நினைவூட்டுகின்றன. இரு தரப்பும் இப்போது நிற்கும் இடம் 1980களில் நின்ற இடமல்ல. சோதனை இரண்டையும் நகர்த்தியிருக்கிறது.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். 1960களில் இமிப்ரமின் என்ற மருந்து பீதியைத் தணிப்பதை டொனால்ட் கிளைன் காட்டினார். மருந்தால் குறைந்தது என்பதால் அந்த மருந்துப் பொருளின் குறைபாடே காரணம் என்றாகிவிடாது. பேச்சுச் சிகிச்சையால் குறைந்தால் மூளைக்குத் தொடர்பில்லை என்றும் ஆகிவிடாது. தணிக்கும் வழி வேறு, தோன்றிய காரணம் வேறு.

குதிரைக்கு அஞ்சிய சிறுவன்

உளவியல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சிக்மண்ட் ஃபிராய்ட். அவர் வழிவந்த உளப்பகுப்பாய்வு அணுகுமுறை, நம் நடத்தையின் பெரும்பகுதி நாமே அறியாத நனவிலி மனத்தின் முரண்களிலிருந்து வருகிறது என்கிறது. தாங்க முடியாத ஓர் உணர்ச்சியை அதற்குரியவரிடமிருந்து விலக்கி வேறொன்றின்மீது ஏற்றுவதை அது இடமாற்றம் என்கிறது. மாலதியின் கதையில் பாலம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று இந்த மரபினர் கேட்பார்கள். அம்மா வீட்டுக்கு. அங்கே பேசப்படாத மனத்தாங்கல் ஏதும் இருக்கிறதா, போகவும் முடியாமல் போகாதிருக்கவும் முடியாமல் தவிக்கும் ஒன்றைப் பாலத்தின் பயம் தீர்த்துவைக்கிறதா? கேள்வி சுவையானதுதான். சுவையாக இருப்பது சான்றாகாது.

ஃபிராய்ட் 1909இல் வெளியிட்ட ஒரு சிறுவனின் வரலாறு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஹான்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவன் தெருவில் குதிரை கடித்துவிடும் என்று அஞ்சி வெளியே வர மறுத்தான். அவன் தந்தை எழுதியனுப்பிய குறிப்புகளை வைத்தே பெரும்பாலும் ஆய்வு நடந்தது. சிகிச்சைக் காலத்தில் ஃபிராய்ட் சிறுவனைச் சந்தித்தது ஒரே ஒரு முறை. தாயின்மேல் கொண்ட பற்றால் தந்தையிடம் எழுந்த அச்சம் குதிரைமேல் இடம்மாறியது என்பது அவர் முடிவு. 1960இல் வோல்ப்பியும் ராச்மனும் அதே குறிப்புகளைப் படித்துவிட்டு, பேருந்து வண்டி இழுத்த குதிரையொன்று தெருவில் விழுந்து காலை உதறியதைச் சிறுவன் நேரில் பார்த்திருக்கிறானே, அதுவே போதாதா என்று கேட்டார்கள். 1973இல் ஜான் பௌல்பி, தாய் தன்னை விட்டுப் போய்விடுவாள் என்ற அச்சமே வீட்டைவிட்டு வெளியே வராததற்குக் காரணம் என்று மூன்றாவது விளக்கம் தந்தார்.

நடந்து முடிந்த ஒன்றுக்குப் பொருந்தும் கதையை எந்த அணுகுமுறையும் சொல்லிவிடும். அடுத்து என்ன நடக்க வேண்டும், நடக்காவிட்டால் தன் கூற்று தவறு என்று ஒப்புக்கொள்ளுமா என்பதுதான் கேட்க வேண்டியது. தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் உளப்பகுப்பாய்வின்மீது வைத்த குற்றச்சாட்டு இதுவே: மாலதி 'ஆமாம், அம்மாமேல் கோபம்' என்றால் விளக்கம் சரி, 'இல்லவே இல்லை' என்றால் உண்மையை எதிர்க்கிறார், எனவே அப்போதும் விளக்கம் சரி. அதற்காக இந்த மரபையே குப்பையில் போடுபவர்களும் அவசரப்படுகிறார்கள். பீதிக்கென வடிவமைத்த உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சை, தளர்வுப் பயிற்சியைவிடச் சிறப்பாகப் பயனளித்ததாக 2007இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆக, அந்த மரபுக்குள்ளும் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மனிதமைய அணுகுமுறை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் மாலதி ஏன் பாலத்தைத் தவிர்க்கிறார் என்ற கேள்விக்கு இதனிடம் தனித்த விடை அதிகம் இல்லை. மனிதர் வளர விரும்புபவர், அந்த விருப்பத்துக்குத் தடை வரும்போது துன்பப்படுகிறார் என்பது அதன் பார்வை. கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதியபடி, கேட்பவரின் நேர்மை, நிபந்தனையற்ற மதிப்பு, ஒத்துணர்வு ஆகியவை மாற்றத்துக்கு அடிப்படை. இன்று ஆலோசகர்கள் அமர்ந்து கேட்கும் முறை பெரிதும் அவரிடமிருந்து வந்தது. மாஸ்லோவைப் பொறுத்தவரை, 1943இல் அவர் தேவைகளின் வரிசையை எழுதினார். அந்தக் கட்டுரையில் பிரமிடு இல்லை. ஒரு படி முழுமையாக நிறைந்தால்தான் அடுத்த படி என்றும் அவர் சொல்லவில்லை. திரையில் காட்டப்படும் அந்த முக்கோணம் பின்னாளில் மேலாண்மைப் பயிற்சியாளர்கள் பரப்பியது.

வீடும் ஊரும்

மாலதியின் பயம் அவருடைய தலைக்குள் மட்டும் இல்லை. 'நீ எதற்கும்மா கஷ்டப்படுகிறாய், நான் கொண்டுபோய் விடுகிறேன்' என்று கணவர் அன்போடு சொல்கிறார். 'பெண்களுக்கு எதற்குப் பாலத்தில் கார்' என்று மச்சான் சிரிக்கிறார். 'மழையில் காத்துக் கருப்பு பட்டிருக்கும், ஒரு கயிறு கட்டிவிடலாம்' என்கிறார் அம்மா. சமூகப் பண்பாட்டு அணுகுமுறை இவற்றைத்தான் பார்க்கும். அன்பும் கேலியும் நம்பிக்கையும் சேர்ந்து, ஓட்டாமல் இருப்பதை எளிதாக்குகின்றன. நடத்தையியல் சொன்ன வலுவூட்டலுக்கு வேண்டிய பொருளை வீடே வழங்குகிறது.

பண்பாடு பீதியின் உள்ளடக்கத்தையும் மாற்றும். கம்போடியர் சிலருக்கு வரும் ஒருவகைத் திடீர்ப் பீதியில், உடலுக்குள் காற்று மேலேறித் தலையைத் தாக்கி உயிரைப் பறித்துவிடும் என்பதே பேரச்சமாக இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேடு இதைத் தனியாகக் குறிப்பிடுகிறது. கிளார்க்கின் சக்கரம் அங்கேயும் சுழல்கிறது, ஆனால் மாரடைப்பு இருந்த இடத்தில் காற்று இருக்கிறது. அம்மா சொல்லும் காத்துக் கருப்பை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் ஆலோசகர், மகள் உண்மையில் எதற்கு அஞ்சுகிறாள் என்ற தகவலையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார். உளவியல் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்கத்திய வசதி நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010இல் ஜோசப் ஹென்ரிச்சும் வேறு இரு ஆய்வாளர்களும் எழுதிய எச்சரிக்கை நமக்கு மிகவும் பொருந்தும்.

இந்த மரபு கவனித்த இன்னொன்று: பிறர் நடத்தைக்குக் காரணம் சொல்லும்போது நாம் சூழலைக் குறைத்து, ஆளின் குணத்தைக் கூட்டிச் சொல்கிறோம். லீ ராஸ் 1977இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். உறவினர்களுக்கு மாலதி 'பயந்தாங்கொள்ளி'. மாலதியைக் கேட்டால் மழையையும் லோரியையும் சொல்வார்.

எந்தக் கதவைத் தட்டுகிறோம்

நடைமுறையில் நமக்குக் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் நாம் தட்டிய கதவைப் பொறுத்தது. மருத்துவமனையின் மனநல மருத்துவர் மருந்தைப் பற்றிப் பேசுவார். மருத்துவ உளவியலாளர் எண்ணங்களையும் தவிர்ப்பையும் எழுதிவரச் சொல்வார். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவுபெற்ற ஆலோசகர் முதலில் நீண்ட நேரம் கேட்பார். நல்ல வல்லுநர்கள் தம் கதவுக்கு வெளியேயும் பார்ப்பார்கள். 1977இல் ஜார்ஜ் எங்கல் உடல், உளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். இன்று மருத்துவ மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள். அந்த மூன்று தலைப்பையும் வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டாலே விளக்கம் ஆகிவிட்டதாக நினைப்பதுதான் அதன் பலவீனம். மாலதியிடம் எதை முதலில் மாற்ற வேண்டும் என்று மூன்று தலைப்புகள் தாமாகச் சொல்லாது. என் கணிப்பில், முதலில் மாற்ற வேண்டியது ஃபெரி. ஏனெனில் மற்றவை எவையாக இருந்தாலும், பயத்தை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது தவிர்ப்பு.

பயம் அழிகிறதா, அடங்குகிறதா

தவிர்ப்பதைச் சிறிது சிறிதாக நேரில் எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சை இத்தகைய அச்சங்களுக்கு நன்றாகப் பயனளிக்கிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது எப்படிப் பயனளிக்கிறது என்பதில்தான் அணுகுமுறைகள் மறுபடியும் மோதுகின்றன. பழகப் பழக அச்சம் தேய்கிறது என்பது பழைய விளக்கம். ஆனால் மறைந்த எச்சில் ஊறல் சிறிது இடைவேளைக்குப் பின் தானாகத் திரும்பி வருவதைப் பாவ்லவே கண்டிருந்தார். ஓர் இடத்தில் அடங்கிய அச்சம் வேறு இடத்தில் மீண்டும் தலைதூக்குவதை மார்க் பவுட்டன் எலிகளிடம் விரிவாக ஆராய்ந்தார். இவற்றை வைத்து மிஷேல் கிராஸ்க், பழைய கற்றல் அழிவதில்லை, அதன்மேல் 'பாலம் ஆபத்தில்லை' என்ற புதிய கற்றல் ஏறி அதை அடக்குகிறது என்கிறார். மூளை ஆய்வாளர்கள் நெற்றிப்புற மூளை அமிக்டலாவை அடக்குவதாக இதையே வேறு தளத்தில் சொல்கிறார்கள். அறிதல்சார் தரப்பினர், தவறான எதிர்பார்ப்பு பொய்த்துப் போவதே முக்கியம் என்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. தேய்வதுதான் காரணம் என்றால், அச்சம் முற்றாகத் தணியும் வரை மாலதி ஒவ்வொரு பயிற்சியிலும் பாலத்தின் மேலேயே இருக்க வேண்டும். புதிய கற்றல் அடக்குகிறது என்றால், அச்சம் எவ்வளவு தணிந்தது என்பது அவ்வளவு முக்கியமில்லை. எத்தனை வகைச் சூழலில் பயிற்சி நடந்தது என்பதே முக்கியம். அப்படியானால் வெயிலில் மட்டும் ஓட்டிப் பழகினால் போதாது. இரவிலும் மழையிலும், கணவர் பக்கத்தில் இல்லாமலும், தைலத்தை வீட்டில் வைத்துவிட்டும், பத்து மாவுங்கிலிருந்து பத்து காவானுக்குப் போகும் 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்திலும் அவர் ஓட்ட வேண்டும். புறப்படுமுன் 'இன்று என்ன நடக்கும்' என்று ஒரு வரியும், மறுகரை சேர்ந்ததும் நடந்தது என்ன என்று ஒரு வரியும் எழுதிவைக்க வேண்டும்.